நோயாளர் வரிசையில் விசுவாசம்

(சங்கத்தின் நூற்றாண்டு நிறைவையொட்டி நடைபெற்ற நன்றி ஆராதனையைத் தொடர்ந்து கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



அன்றாட வாழ்விலும் சோதனைக் காலங்களிலும் கிறிஸ்தவ விசுவாசம் என்ற தலைப்பைச் செயலாளர் எனக்குத் தொலைபேசியில் தந்தபோது, "இதைப் போதகர் அல்லவா பேச வேண்டும்?" என்று கேட்டேன். "போதகர் காலமை பேசுவார். நீர் வைத்தியராகப் பேசும்" என்றார். எனக்கு நான்கு வகுப்பு மேலே படித்தவர். விடுதியில் மாணவர் தலைவியாக இருந்தவர். அவர் சொன்னால் இன்றைக்கும் மறுத்துப் பேச எனக்கு வராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பலர் சைவ வீடுகளில் இருந்து வந்தவர்கள். வீட்டில் தேவாரம் பாடிவிட்டு வந்து, எட்டு மணிக்கு இங்கே காலை ஆராதனையில் வரிசையாக நின்றவர்கள். எங்கள் காலத்தில் வேதபாடப் போட்டியின் முதற் பரிசு பெரும்பாலும் விபூதிக் குறியோடு வந்த பிள்ளைகளுக்கே போனது. கிறிஸ்தவப் பிள்ளைகளாகிய எங்களுக்கு அது பெரிய வெட்கம். ஆகவே நான் இங்கே விசுவாசம் என்று சொல்லும்போது, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் சொல்வதாக ஒருவரும் எண்ண வேண்டாம். கிறிஸ்தவளாக நான் கற்றுக்கொண்டதைத்தான் என்னால் சொல்ல முடியும். அதில் உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் விடுதியில் இருந்தது பொருளாதாரத் தடைக் காலத்தில். 1990 நடுப்பகுதியில் நின்ற மின்சாரம், நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் வரை திரும்ப வரவில்லை. ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெயும் விட்டுச் செய்த விளக்கில்தான் படித்தோம். சவர்க்காரம் கிடையாது. பனம்பழத்தில் சட்டை தோய்த்தோம். மஞ்சள் ஏறிய அந்த வெள்ளைச் சீருடையை என் வயதுக்காரர் ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு முறை இருந்தது. அன்றைக்குப் பரிமாறுகிறவள் தனக்குக் கடைசியாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். பருப்பு முடிந்தால் சொதி. சொதியும் முடிந்தால் வெறும் சோறு. அதற்கு வேதவசனம் ஒன்றும் சொல்லித் தரவில்லை. "முறை எண்டால் முறைதான், பிள்ளை" என்பார் மேட்ரன். ஆனால் சரியாகப் பரிமாறத் தெரிந்தவளின் மேசையில் கடைசிப் பிள்ளைக்கும் பருப்பு இருக்கும் என்பதை ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிட்டோம். பங்கிடுவது ஒரு குணம் மட்டுமல்ல, அது ஒரு திறமையும்கூட. முன்வரிசைக்கு அள்ளிப் போட்டுவிட்டுப் பின்வரிசைக்காக இரங்கி அழுவதில் பயனில்லை.

இனி நான் சொல்லப்போவது, எங்கள் நூற்றாண்டு மலர்களில் அதிகம் எழுதப்படாத ஒன்று.

1990 ஒக்டோபரில் நான் ஆறாம் வகுப்பு. எங்கள் வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்தாள். எனக்கு முன் வாங்கு. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் இருந்த முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். கையில் கொண்டுபோக விடப்பட்டது மிகக் கொஞ்சம். அடுத்த முறை வகுப்புக் கூடியபோது முன் வாங்கு வெறுமையாக இருந்தது. ஒருவரும் எங்களுக்கு ஒன்றும் விளக்கவில்லை. விளக்கப் பயந்த காலம். ஆனால் எங்கள் வகுப்பாசிரியை இடாப்புக் கூப்பிடும்போது அவளுடைய பெயரையும் கூப்பிட்டார். ஒரு கணம் நிறுத்துவார். பிறகு வரவில்லை என்று அடையாளமிட்டு அடுத்த பெயருக்குப் போவார். அந்த வருட முடிவு வரையும், ஒவ்வொரு காலையும், இப்படியே. அது என்ன என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது நினைக்கையில், அந்த வருடம் இந்தக் கல்லூரியில் நடந்த பெரிய ஆராதனை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சத்தமாக ஒன்றும் சொல்ல முடியாத இடத்தில், ஒரு பிள்ளை இல்லாததை இல்லாததாகவே காட்டிக்கொண்டிருந்தார். வெட்டிவிட்டுப் போவது எவ்வளவு இலகுவாக இருந்திருக்கும்!

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, நாங்கள் வெளியேறினோம். திகதிகள் பொருந்தியதில் தெய்வ நீதியைக் காண்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அப்படிக் கணக்குப் பார்க்கும் கடவுளை எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் நடக்கிறவளின் நிலை என்ன என்பது, அதற்கு ஐந்து வருடம் முன்னரே எங்கள் வாசலால் போயிருந்தது. அதை அறியாமல் இருந்ததற்கு எங்கள் ஊருக்குச் சாட்டு ஒன்றும் இல்லை.

அந்த இரவைப் பற்றி இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ பேர். நல்ல நாளில் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் போகும் சாவகச்சேரிக்கு விடிய விடிய நடந்தோம். தென்மராட்சியில் ஒரு தேவாலய மண்டபத்தில் முப்பது குடும்பங்களோடு இருந்தோம். அங்கேதான் நான் வைத்தியராக வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஆனால் என்னை அப்படி முடிவெடுக்க வைத்தவர் ஒரு வைத்தியர் அல்ல. இந்தக் கல்லூரியின் பழைய மாணவி ஒருவர். தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். தானும் இடம்பெயர்ந்து, தன் தாயைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தவர். மண்டபத்தின் மூலையில் ஒரு மேசையைப் போட்டு, பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து அவித்துக் காயவைத்து, புண்ணுக்குக் கட்டினார். காய்ச்சல்காரருக்கு ஒரு கொப்பியில் நேரம் எழுதி வைத்தார். வயிற்றோட்டக்காரப் பிள்ளைகளுக்கு உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைத் தாய்மார் கரண்டியால் பருக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அந்த அக்கா யாரிடமும் "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்கவில்லை. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் விளங்காது. எங்களுக்கு விளங்கும். ஊர் கேட்டு, குறிச்சி கேட்டு, கோவில் கேட்டு, நான்காவது கேள்வியில் சாதியைப் பிடித்துவிடுவோம். அந்த மழைக்காலத்திலும் சில வளவுகளில் கிணற்று வாளி உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. எறிகணைக்குத் தப்பி வந்தவர்களில் யார் கிணற்றில் அள்ளலாம், யாருக்கு ஊற்ற வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் நடந்தது. கிறிஸ்தவ வளவுகளிலும் நடந்தது. இந்த ஊரில் 1920களின் இறுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் மிசன் பாடசாலைகளில் சம ஆசனத்துக்காகவும் சம போசனத்துக்காகவும் நடந்த போராட்டம் எங்கள் பெருமைகளில் ஒன்று என்று நாங்கள் மேடைகளில் சொல்கிறோம். வாங்கு சமமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் வாளி சமமாகவில்லை. அந்த அக்கா கேட்ட ஒரே கேள்வி, "எத்தினை நாளாய்க் காய்ச்சல்?" இயேசு சொன்ன சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவன் எந்த ஊர், என்ன குலம் என்று சொல்லப்படவே இல்லை என்பதை நான் கவனித்தது அதற்குப் பிறகுதான்.

வைத்தியம் என்று வந்துவிட்டதால், எங்களுக்கு முன் இருந்தவர்களைப் பற்றி ஒரு சொல். 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி அறுபதுக்கு மேற்பட்டவர்களை வைத்தியர்களாகப் பயிற்றினார் என்பது எல்லோருக்கும் தெரியும். மனுஷ அங்காதிபாதம், இரணவைத்தியம் என்று தமிழில் நூல்கள் வந்ததும் தெரியும். ஏன் தமிழுக்கு மாறினார் என்பது அவ்வளவு பேசப்படுவதில்லை. முதலில் அவர் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் நல்ல சம்பளம் தேடி யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். கிராமத்துக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. அதனால்தான் 1860களில் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார். படித்தவன் வெளிநாடு போகிறான் என்ற கவலை எங்களுக்கு 2022இல் வந்ததல்ல பாருங்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான கவலை. கிறீன் போனவர்களைத் திட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். இருக்கிறவர்களுக்கு ஏற்றபடி தன் வேலையை மாற்றினார். பத்து வருடத்துக்கு மேல் உழைத்த மனிதர், மொழியை மாற்றித் திரும்பவும் முதலில் இருந்து தொடங்குவது இலேசான காரியமா?

ஆகவே வெளிநாட்டில் இருந்து வந்திருக்கும் என் தோழிகளுக்குச் சொல்கிறேன்: நீங்கள் போனதையிட்டு நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். என் வகுப்பில் வைத்தியரானவர்களில் பெரும்பாலானோர் இப்போது இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். அங்கேயும் நோயாளிகள் இருக்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேன் என்பதால் என்னுடைய விசுவாசம் ஒரு பிடி கூட என்று நினைத்தால், அன்றோடு அது கெட்டுப்போகும். எனக்கு இங்கே தாய் இருக்கிறார், வேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

2022இல் நான் வடக்கில் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை செய்தேன். அந்த வருடம் ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும், பத்துப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டும், பெற்றோல் வரிசையும் உங்களுக்குத் தெரியும். வாட்டுக்குள் அது எப்படி வந்தது என்றால், ஒரு நாள் ஒரு மருந்து இல்லை, அடுத்த நாள் இன்னொன்று இல்லை. வெளியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தால், விலையைக் கேட்டுவிட்டுத் துண்டோடு திரும்பி வருவார்கள். சேலைன் கொடுக்கும் ஊசிக் குழாயை எண்ணி எண்ணிப் பாவித்தோம். சில கிழமைகளில் எங்கள் கையில் இருந்த இன்சுலின் எல்லோருக்கும் காணாது என்று தெரிந்தது. அப்போதுதான் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"டொக்டர், நாங்கள் உங்கட சேர்ச்தான். அம்மாவுக்கு ரெண்டு போத்தல் எடுத்து வையுங்கோ." "மிஸ், நான் உங்களுக்கு இரண்டு வகுப்புக் கீழே படிச்சனான்." "ஐயா சொன்னவர் உங்களோடை கதைக்கச் சொல்லி." கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. தாய்க்காகக் கேட்கிறார்கள். இந்தச் சங்கத்தில் இருந்தும் கேட்டீர்கள், சிரிக்காதீர்கள். எங்கள் நாட்டில் ஆளைப் பிடித்தால்தான் காரியம் நடக்கும் என்பது தண்ணீர் மாதிரிச் சாதாரணம். ஆனால் உங்களுக்காக நான் எடுத்து வைக்கும் போத்தல், விடிய நான்கு மணிக்குப் பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கிற, என்னுடைய இலக்கம் தெரியாத ஒரு மனிசியுடையது. அவரை நான் காண்கிறேன். தொலைபேசியில் கேட்பவர் காண்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

தாதியர்களும் மருந்தாளரும் நாங்களுமாக இருந்து ஒரு முறை வகுத்தோம். முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்கு முதலில், இன்சுலின் இல்லாவிட்டால் அவர்கள் பிழைக்க மாட்டார்கள். அடுத்தது கர்ப்பிணித் தாய்மார். பிறகு மற்றவர்கள், கிளினிக் கொப்பியின் ஒழுங்கில். குளிசையோடு சமாளிக்கக் கூடியவர்களைக் குளிசைக்கு மாற்றினோம். அதை எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒட்டிய பிறகு எனக்கு வந்த கோபங்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கலியாண வீட்டில் என்னோடு கதைக்காமல் எழும்பிப் போனவர்கள் உண்டு. விசுவாசத்துக்காகத் துன்பப்படுவது என்றால் சிங்கத்தின் கூண்டு என்று ஞாயிறு பாடசாலையில் படித்தோம். என் அளவில் அது ஒரு கலியாண வீடு.

அப்போது என்னோடு வாதாடிய ஒரு பழைய மாணவியின் கேள்வி நல்ல கேள்வி. "திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கினார்களே நான்கு நண்பர்கள், அவர்களும் வரிசை குலைத்தவர்கள்தானே? இயேசு அவர்களை ஏசினாரா?" என்று கேட்டார். இரண்டு நாள் யோசித்தேன். அந்த மனிதனால் வரிசையில் நிற்கவே முடியாது. கூட்டம் அவனுக்கு வழி விடவில்லை. நிற்க முடியாதவனை உள்ளே கொண்டுவர எந்தக் கூரையையும் பிரிக்கலாம், நானும் பிடிக்கிறேன். ஏற்கெனவே வாசலில் கதிரை போட்டு இருக்கிறவருக்காகக் கூரை பிரிப்பதுதான் வேறு விடயம்.

வைத்தியராக எனக்கு மிகவும் பிடித்த வேதாகமக் கதை வேறொன்று. ஜெப ஆலயத் தலைவன் ஒருவன் இயேசுவை அவசரமாக அழைத்துப்போகிறான். மகள் சாகக் கிடக்கிறாள். ஊரில் பெரிய மனிதன். போகிற வழியில், பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கு உள்ள ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவளுக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. அவர் நிற்கிறார். பெரிய மனிதன் கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க, அவளோடு கதைக்கிறார். எத்தனை தடவை வாட் சுற்றில் இதை நினைத்திருக்கிறேன்! இந்தப் பெண் வைத்தியர்களிடம் எல்லாச் சொத்தையும் செலவழித்தும் சுகமடையாமல் இன்னும் மோசமானாள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்காவின் சுவிசேஷத்தில் அந்தக் கடுமை குறைந்திருக்கிறது. லூக்கா வைத்தியர் என்பார்கள். எங்கள் தொழிற்சங்க ஒற்றுமை அவ்வளவு பழையது.

இனி, எனக்கு மனதில் பாரமாக இருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாய் கிளினிக்குக்கு வந்தார். மார்பில் கட்டி, தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. பத்து மாதத்துக்கு முன் கட்டி சிறிதாக இருந்தபோதே வேறொரு வைத்தியர் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் போகவில்லை. அவர் சேர்ந்திருந்த ஜெபக் கூட்டத்தில் கை வைத்து ஜெபித்து, சுகமாகிவிட்டது என்று அறிவித்திருந்தார்கள். அவரும் சாட்சி சொல்லியிருந்தார். கட்டி வளர்ந்தபோது, வைத்தியரிடம் போனால் சொன்ன சாட்சி பொய்யாகிவிடும் என்று பயந்து போகவில்லை. பிறகு அங்கே சொல்லியிருக்கிறார்கள், விசுவாசக் குறைவால்தான் சுகம் தங்கவில்லை என்று. என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி கட்டியைப் பற்றியதல்ல. "என்ர விசுவாசம் காணாமல் போச்சுதோ, டொக்டர்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வந்தது வருத்தம், அம்மா. விசுவாசக் குறைவு இல்லை" என்றேன். வேறு எதுவும் எனக்கு வரவில்லை. அவருக்குச் செய்யக்கூடியதைச் செய்தோம். மகரகமவுக்கு அனுப்பினோம். ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தார். மகள் அப்போது ஒன்பதாம் தரம்.

நான் ஜெபத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று யாரும் எடுக்க வேண்டாம். நான் ஜெபிக்கிறவள். வாட்டுக்குள் போகுமுன் படியில் ஒரு நிமிடம் நிற்பது என் வழக்கம். ஆனால் குளிசையை நிற்பாட்டச் சொல்லும் ஜெபம் ஜெபமே அல்ல. இதை நான் மெதுவாகச் சொல்லப்போவதில்லை. எசேக்கியா அரசன் சாகக் கிடந்து அழுது ஜெபித்தபோது, ஜெபம் கேட்கப்பட்டது என்று சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழ அடையை எடுத்துப் புண்ணில் வைத்துக் கட்டச் சொன்னார். பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் மன்றாடினார், எடுக்கப்படவில்லை. பவுலுக்கு விசுவாசம் காணாது என்று யாராவது சொல்வார்களா? பண்டத்தரிப்புக்கு 1820இல் வைத்தியர் ஜோன் ஸ்கடர் வந்து குடியேறியதும், இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று மக்லியொட் வைத்தியசாலை எழுந்ததும், ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு வைத்தியம் படித்து வேலூரில் பெண்களுக்காக 1918இல் மருத்துவப் பாடசாலை தொடங்கியதும், ஜெபத்தில் நம்பிக்கை இல்லாததாலா? அவர்கள் எல்லோரும் எங்களை விட அதிகம் ஜெபித்தவர்கள்.

அந்தத் தாயின் அடக்கத்துக்குப் பிறகு அந்த ஜெபக் கூட்டத்தை நடத்துகிறவரைத் தேடிப் போய்க் கதைத்தேன். சண்டை பிடிக்கப் போகவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஜெபித்து முடிய, மருந்தை விடாதேயுங்கோ என்றும் சொல்லுங்கள்." அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொல்கிறேன் என்றார். சொல்கிறார் என்று அங்கே போகிற நோயாளிகள் எனக்குச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் இதையே கேட்டபோது, என்னை உள்ளே இருக்கவும் சொல்லவில்லை. உங்கள் அயலில், உங்கள் உறவில், சலரோகத்துக்கும் பிரஷருக்கும் வலிப்புக்கும் குளிசையை விட்டுவிட்டு உபவாசம் இருக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரோடு விவாதம் வேண்டாம். ஜெபத்துக்கும் கூடப் போங்கள், கிளினிக்குக்கும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருநாள் சத்திரசிகிச்சைக்குப் போகவிருந்த ஓர் அம்மம்மா தன் பைக்குள் இருக்கும் விபூதியை எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. நானே எடுத்து நெற்றியில் பூசிவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு கிறிஸ்தவ உறவினர் பிறகு என்னிடம், "நீங்கள் அப்படிச் செய்யலாமோ?" என்றார். பயந்துபோய்ப் படுத்திருக்கும் ஒரு மனிசிக்கு வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். இப்போதும் அதையே கேட்பேன்.

கடைசியாக, எங்களால் சுகமாக்க முடியாதவர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் இருக்கத் தொடங்கினார்கள். பதில் இல்லாமலே அவர்களில் பலர் இறந்துபோனார்கள். இருப்பவர்கள் எங்கள் கிளினிக்குகளுக்கு வருகிறார்கள். பிரஷர், நித்திரை இல்லை, நெஞ்சு நோ. பிரஷருக்கு என்னிடம் குளிசை இருக்கிறது. மற்றதற்கு இல்லை. நல்ல மனதோடு வந்து, எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஒரு தாய் எனக்குச் சொன்னார்: "அவையள் சொல்லிப்போட்டுப் போக எனக்கு இன்னும் ரெண்டு நாள் நித்திரை இல்லை, பிள்ளை. என்ர பெடியனைக் கொண்டுபோகக் கர்த்தர் ஏன் சித்தம் வைச்சவர்?" யோபுவின் நண்பர்களைப் பற்றி எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாள் ஒரு சொல்லும் சொல்லாமல் அவனோடு நிலத்தில் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் பிழைத்தது. எங்களில் ஏழு நிமிடம் அப்படி இருக்கக் கூடியவர்கள் எத்தனை பேர்? எனக்கே ஒரு நோயாளிக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. வெளியே எண்பது பேர் நிற்கிறார்கள்.

அதனால் உங்களிடம் இரண்டு விடயம் கேட்கிறேன். வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு: தயவுசெய்து வீட்டில் மிஞ்சிய குளிசைகளைப் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு மாணவர்களாக நாங்கள் அப்படி வந்த பெட்டிகளைத் தரம் பிரித்தோம். திகதி முடிந்தது பாதி, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியது மீதி. எரிப்பதற்கும் செலவு. என்ன தேவை என்று முதலில் கேளுங்கள், பட்டியல் அனுப்புகிறோம். இங்கேயே இருக்கிறவர்களுக்கு, முக்கியமாக ஓய்வு பெற்ற ஆசிரியைகளுக்கு: கிளினிக் நாட்களில் காலை ஏழு மணியில் இருந்து பத்து மணி வரை, வரிசையில் நிற்கிற வயதானவர்களோடு கூட இருந்து, கொப்பியைப் பார்த்துக் குளிசையின் நேரத்தைச் சொல்லிக்கொடுக்க, படிவம் நிரப்பிக்கொடுக்க, சும்மா கதைத்துக்கொண்டிருக்க ஆட்கள் வேண்டும். வைத்தியசாலையோடு கதைத்து அனுமதி எடுத்திருக்கிறேன். சமயம் பேசுவதில்லை என்பது ஒரே நிபந்தனை. இதுவரை ஆறு பேர் பெயர் தந்திருக்கிறார்கள், அதில் நான்கு பேர் சைவர்கள். வேதபாடப் போட்டி மாதிரியே இதிலும் ஆகிவிடும்போல் இருக்கிறது. செயலாளரிடம் ஒரு கொப்பி இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் அதில் பெயரையும் வரக்கூடிய நாளையும் எழுதிவிட்டுப் போங்கள்.